இருபத்தெட்டு முதல் முப்பத்தேழு வரை

திருவிடைமருதூர்,
10.2.2025

ஜெயபாரதி அவர்களுக்கு,

வணக்கம். போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பிலும் அப்படியே. வரன் தேடுகிற ஆப்பில் போய்ப் பார்த்தால் உங்கள் பக்கத்தையே காணோம். வேறு வழியில்லாமல் பேனாவைப் பிடித்திருக்கிறேன். குவைத்தில் பதினைந்து வருடம் வண்டி ஓட்டிய காலத்தில்கூட நான் வீட்டுக்குக் கடிதம் எழுதியவன் இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆப்பில் அறிமுகமாகி ஐந்து மாதம் பழகினோம். நான் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. வயது நாற்பத்துநான்கு என்று உள்ளபடி போட்டிருந்தேன். முன்வழுக்கை தெரிகிற மாதிரியே போட்டோ போட்டேன். குவைத்தை விட்டு வந்துவிட்டேன், இப்போது விவசாயம்தான் என்பதையும் முதல் நாளே சொன்னேன். நீங்கள் முப்பத்தாறு என்று போட்டிருந்தீர்கள். நம்பினேன்.

போன வாரம் கும்பகோணத்தில் மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது நீங்களாகத்தான் வாயைத் திறந்தீர்கள். "அந்த நெரிசல் நடந்துச்சே, அந்த மாமாங்கத்துக்கு அப்பாவோட வந்திருந்தேன். ஆறாங்கிளாஸ் படிக்கிறேன் அப்ப. ஒரு கால் செருப்பு இங்கதான் எங்கயோ போச்சு" என்றீர்கள். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு மாமாங்கக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெரிசல் மாமாங்கம் தொண்ணூற்றிரண்டில். உங்கள் ஆப் கணக்குப்படி அப்போது உங்களுக்கு மூன்று வயது. மூன்று வயதுக் குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள்?

மறுநாள் போனில் கேட்டேன். "நாப்பத்திமூணு. இப்ப என்ன?" என்றீர்கள். நான் கோபத்தில் ஏதோ சொன்னேன். நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் தங்கையும் உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு பதில் வேண்டும். ஏன் ஏமாற்றினீர்கள்?

இப்படிக்கு,
சி. தமிழரசன்


மயிலாடுதுறை,
15.2.2025

திரு. தமிழரசன் அவர்களுக்கு,

என் அப்பா வீரையன் நன்றாக இருக்கிறார். இன்று காலைகூட நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு டிவியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நடமாடிக்கொண்டிருக்கிற மனுஷனை உங்கள் வசதிக்குப் படுக்கப் போட வேண்டாம். ஏமாற்றுவதைப் பற்றி எழுதுகிற கடிதத்திலேயே, பெற்ற தாயிடம் ஒரு பொய் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கண்ணில் படவில்லை பாருங்கள்.

"ஏதோ சொன்னேன்" என்று மழுப்ப வேண்டாம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் எழுதுகிறேன். "வயசு முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்க பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்." இதுதான் நீங்கள் சொன்னது. ஏன் ஏமாற்றினாய் என்று கேட்கிறீர்களே, அதற்குப் பதிலும் இதுதான்.

முதல் ஒரு வருடம் என் வயதை உள்ளபடிதான் போட்டிருந்தேன். அப்போது யார் யார் வந்தார்கள் என்று தெரியுமா? ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், சீர்காழி பக்கம். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இன்சுலின் போடத் தெரியுமா?" என்று கேட்டார். இன்னொருவருக்கு அறுபத்தொன்று. மருமகள் சரியாகச் சோறு போடுவதில்லையாம். கல்யாணமாகிப் பெண்டாட்டி வீட்டில் இருக்கும்போதே எழுதிய ஆள் ஒருவன். "இந்த வயசுல உங்களுக்கும் துணை வேணும்ல" என்று அவன் எழுதியதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. என் வயது ஆண் ஒருவன்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஒருவன்கூட.

பிறகு ஒரு நாள் வயதை முப்பத்தாறு என்று மாற்றினேன். போட்டோ அதேதான். வேலை அதே. நான் எழுதியிருந்த நாலு வரியிலும் ஒரு எழுத்தை மாற்றவில்லை. அந்த வாரமே நீங்கள் வந்தீர்கள்.

உங்கள் பக்கத்தில் நீங்கள் கேட்டிருந்ததை நினைவிருக்கிறதா? 'துணையின் வயது: 28 முதல் 37 வரை.' நாற்பத்துநாலு வயது ஆண் இருபத்தெட்டைக் கேட்கலாம். அது ஆசை. நாற்பத்துமூன்று வயதுப் பெண் நாற்பத்துநாலைக் கேட்டால் மட்டும் மோசடியா?

நான் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள். கருவியை வைத்துப் பார்ப்போம், ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பிவிடுவோம். அதற்கும் மழை அடித்த வருடங்களில் தளர்வு கேட்டு மேலே எழுதுகிறார்கள். எனக்காக எழுத யாரும் இல்லை. அதனால் நானே எழுதிக்கொண்டேன்.

போனைத் திறக்க மாட்டேன். போனில் பேசினால் எனக்கு அழுகை வரும். நீங்கள் அதைக் கேட்க வேண்டாம்.

வீ. ஜெயபாரதி


திருவிடைமருதூர்,
24.2.2025

ஜெயபாரதி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக வேலை ஓடவில்லை. அறுவடை மெஷின் வயலில் நிற்கிறது, டிரைவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், நான் வரப்பில் உட்கார்ந்து உங்களுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உலகத்தில் இருக்கிற கிழவன்கள் செய்ததற்கெல்லாம் நான் கணக்குச் சொல்ல முடியாது. நான் உங்களிடம் இன்சுலின் கேட்டேனா?

நீங்கள் மட்டும்தான் அடிபட்டவர் என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். என் தங்கை செந்தாமரையைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நாற்பது. ஜாதகத்தில் செவ்வாய் என்று முதலில் தட்டிப்போயிற்று. அப்புறம் படிப்பு அதிகம் என்றார்கள். அப்புறம் வயதாகிவிட்டது என்றார்கள். தங்கை வீட்டில் இருக்கும்போது அண்ணன் மாலை மாற்றிக்கொள்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவளுக்கு முடியட்டும், அவளுக்கு முடியட்டும் என்றே எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. போன வருடம் அவளே, "நீ பண்ணிக்கண்ணே, என்னைப் பார்த்துக்கிட்டிருந்தா ரெண்டு பேருமே இப்படியே நிக்க வேண்டியதுதான்" என்றாள். அதற்கு அப்புறம்தான் அந்த ஆப் பக்கமே வந்தேன்.

அவளுக்கும் அதே ஆப்பில் நான்தான் பதிந்து கொடுத்தேன். வயது நாற்பது என்று உண்மையாகப் போட்டேன். இன்றுவரை உருப்படியாக ஒருத்தனும் வரவில்லை. பார்ப்பான், தள்ளிவிட்டுப் போய்விடுவான். எத்தனை ஆத்திரம் வரும் தெரியுமா? அப்படியும் நாங்கள் ஒரு வயதைக்கூடக் குறைத்துப் போடவில்லை. கஷ்டம் எல்லாருக்கும் இருக்கிறது. எல்லாரும் பொய் சொல்லிவிடுவதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் பக்கத்திலும் 38 முதல் 45 வரை என்று போட்டிருந்தீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நல்ல மனுஷன், பெண்டாட்டியை இழந்தவன், பாபநாசத்திலோ எங்கேயோ இருந்திருப்பான். அவனை நீங்கள் பார்த்தீர்களா? நீங்களும் கோடு போட்டவர்தான்.

முப்பத்தேழு என்பதை நான் போட்டது அம்மாவுக்காக. பேரப்பிள்ளை வேண்டும் என்கிறாள். அதில் என்ன தப்பு?

சி. தமிழரசன்


மயிலாடுதுறை,
1.3.2025

தமிழரசன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதை நீங்களே ஒரு தடவை படித்துப் பார்த்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் தங்கையைத் தள்ளிவிட்டுப் போனவன் யார்? சொல்லுங்கள். எங்கேயோ கொம்பு முளைத்த ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் சொல்கிறேன் கேளுங்கள். அவனுக்கு நாற்பத்துநாலு வயது இருக்கும். வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். குடிக்க மாட்டான், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டான், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கும். அம்மாவுக்குப் பேரப்பிள்ளை வேண்டும். 28 முதல் 37 வரை என்று போட்டிருப்பான். உங்கள் தங்கையின் முகத்தைப் பார்க்கிற வாய்ப்பே அவனுக்கு இல்லை. அவன்மேல் உங்களுக்கு ஆத்திரம் வருகிறதா? நன்றாக வரட்டும். கண்ணாடி முன்னால் நின்று நாலு வார்த்தை கேளுங்கள்.

நாற்பது வயதுத் தங்கைக்காக அழுகிற அண்ணன், நாற்பத்துமூன்று வயதுக்காரியைப் பார்த்து ஏமாற்றுக்காரி என்கிறான். செந்தாமரை வேறு, நான் வேறா? அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், அவளுக்காக உண்மையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். என் தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். எனக்காக அவன் செய்த ஒரே வேலை, "இனிமே எதுக்குக்கா இதெல்லாம்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டதுதான்.

நானும் கோடு போட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் நீங்கள் சொல்கிற அந்த நல்ல மனுஷனும் அங்கே இருந்திருக்கலாம். இன்சுலின்காரருக்கு அப்புறம் அவரைத் தேடிப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. ஆனால் என் கோடு என் வயதைச் சுற்றி இருந்தது. உங்கள் கோடு உங்கள் வயதை வெளியே நிறுத்திவிட்டுப் போட்டது. இரண்டையும் ஒன்று என்று சொல்லாதீர்கள்.

தரங்கம்பாடி கடற்கரையில் உட்கார்ந்து நீங்கள் பேசினது எனக்கு மறக்கவில்லை. "உங்ககிட்ட பேசினா எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. பாதி சொன்னாலே புரிஞ்சுக்கிறீங்க" என்றீர்கள். ஏன் புரிந்தது என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் பள்ளிக்கூடம் போன வருடங்களில்தான் நானும் போனேன். நீங்கள் கேட்ட ரேடியோவைத்தான் நானும் கேட்டேன். உங்களுக்குப் பிடித்ததே என் வயதுதான். நம்பர் மட்டும்தான் பிடிக்கவில்லை.

ஜெயபாரதி


திருவிடைமருதூர்,
16.3.2025

பாரதிக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் யோசிப்பேன், யோசித்து முடிக்கும்போது அது எனக்கே பொருந்தாது. செந்தாமரை, "யாருண்ணே இந்தக் காலத்துல லெட்டர் போடுறது?" என்று கேட்டாள். மெஷின்காரர் பில் என்றேன். அவள் நம்பவில்லை.

நீங்கள் இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை. இதை எப்படி எழுதுவதென்று தெரியாததால் இப்படியே எழுதிவிடுகிறேன். சாயங்காலம் நெல்லை மூடிவிட்டு வந்தால் யாரிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கை தானாகப் போனை எடுக்கிறது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நடந்தது நடந்துவிட்டது. எனக்கு உங்கள் வயது ஒரு பிரச்சினை இல்லை. நாம் கல்யாணம் செய்துகொள்ளலாம். அம்மாவிடம் மட்டும் இப்போதைக்கு முப்பத்தாறு என்றே இருக்கட்டும். அவளுக்கு அதுதான் தெரியும், சொந்தக்காரர்களிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டாள். பத்திரிகையில் யாரும் வயது போடுவதில்லை. ஆதார் கார்டை யார் வாங்கிப் பார்க்கப் போகிறார்கள்? உங்களைப் பார்த்தால் முப்பத்தாறு என்றால் யாரும் நம்புவார்கள். மாமாங்கக் கதையை மட்டும் அம்மா எதிரில் எடுக்காமல் இருந்தால் போதும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நல்ல டாக்டரைப் பார்த்து ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டால் அம்மாவுக்கும் ஒரு சமாதானமாக இருக்கும். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு வரட்டுமா?

தமிழரசன்


மயிலாடுதுறை,
20.3.2025

தமிழரசன் அவர்களுக்கு,

வர வேண்டாம்.

என் நன்மைக்காக நீங்கள் யோசித்ததைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி மூலையில் எறிந்தேன்.

என்னை ஏமாற்றுக்காரி என்று எழுதிய அதே கையால், வா, சேர்ந்து ஏமாற்றலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்ன பொய், வாசல் கதவு திறக்கட்டும் என்று சொன்ன பொய். உள்ளே வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன், துணிச்சல் வரவில்லை. அதற்கு நான் வெட்கப்படுகிறேன். நீங்கள் கேட்கிற பொய் அப்படி இல்லை. அது தினம் சொல்ல வேண்டியது. உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, பழைய படம் ஒன்று வந்தால், இதை நான் தியேட்டரில் பார்த்தேன் என்று சொல்லலாமா கூடாதா என்று கணக்குப் போட வேண்டும். மூட்டு வலித்தால் மறைக்க வேண்டும். மாதவிலக்கு நின்றால் மறைக்க வேண்டும். என் கூடப் படித்தவள் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்ப வேண்டும். ஏழு வருடத்தைத் தலையில் சுமந்துகொண்டு உங்கள் வீட்டில் நான் மருமகளாக இருக்க வேண்டும். அதற்குக் கல்யாணம் என்று பெயரா?

டெஸ்ட் எடுக்கச் சொன்னீர்கள். நீங்கள் எடுத்துவிட்டீர்களா? நாற்பத்துநாலு வயது ஆணுக்கு டெஸ்ட் கிடையாதா, இல்லை வயதே கிடையாதா?

என் வயது பிரச்சினை இல்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல முடியாத வயது பிரச்சினைதான். உங்களுக்கே பிரச்சினைதான்.

இனிமேல் எழுத வேண்டாம்.

ஜெயபாரதி


திருவிடைமருதூர்,
2.4.2025

பாரதிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் படித்துவிடுங்கள். கிழித்துப் போட்டாலும் சரி, படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம். உங்களைத் தவிர உலகத்தில் பெண்ணே இல்லையா என்று ஆப்பைத் திறந்தேன். இவள் சொல்கிற மாதிரி நான் ஒன்றும் குறுகின மனசுக்காரன் இல்லை என்று உங்களுக்குக் காட்டவேண்டும் போலவும் இருந்தது. முப்பத்தேழு என்று இருந்ததை நாற்பத்தைந்து என்று மாற்றினேன். யாரும் பார்க்காத இடத்தில் யாருக்குக் காட்டுகிறேன் என்று நான் யோசிக்கவில்லை.

வரிசையாக வர ஆரம்பித்தார்கள். முதல் பெண்ணுக்கு நாற்பத்தொன்று என்று இருந்தது. தள்ளினேன். அடுத்து முப்பத்தொன்பது. தள்ளினேன். மூன்றாவது வந்தது. நாற்பது என்று பார்த்தேன், விரல் தள்ளிவிட்டது. தள்ளின பிறகுதான், போகிற முகம் கண்ணில் பட்டது.

செந்தாமரை.

நான் எடுத்த போட்டோ. அத்தை மகள் கல்யாணத்தில் பச்சைப் புடவையில் நிற்கிறாள். 'உங்களுக்கு மிக அருகில்' என்று கீழே போட்டிருந்தது. அப்போது அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பாரதி, பதிந்து கொடுத்தவன் நான். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தையும் தட்டினவன் நான். நம்பரைத்தான் பார்த்தேன். என் தங்கை என்றுகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக அவளைத் தள்ளினவனை நான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. அவளிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாப்பத்திமூணா?" என்று மூன்று தடவை கேட்டாள். "பேரப்புள்ளைக்கு என்னடா வழி?" என்றாள். "பொறந்தா பொறக்கட்டும். இல்லாட்டி நீ, நான், அவங்க, செந்தாமரைன்னு நாலு பேரு இருப்போம்" என்றேன். அம்மா இப்போது என்னிடம் பேசுவதில்லை. செந்தாமரை மட்டும், "அவங்க பொய் சொன்னதுக்கு நீ கோவப்பட்ட, சரி. அவங்கள சொல்ல வெச்சவங்க மேல எப்பக் கோவப்படுவ?" என்று கேட்டாள்.

டெஸ்ட் என்று எழுதினது மகா கேவலம். மன்னித்துவிடுங்கள். ஏமாற்றினீர்கள் என்று எழுதினதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நான் மட்டும் வரட்டுமா? உங்கள் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

தமிழரசன்


மயிலாடுதுறை,
8.4.2025

தமிழரசனுக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை.

நீங்கள் தள்ளின முதல் இரண்டு பேரைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நாற்பத்தொன்று ஒருத்தி, முப்பத்தொன்பது ஒருத்தி. அவர்களும் யாருக்கோ செந்தாமரைதான். மூன்றாவது முகம் உங்கள் வீட்டு முகமாக இல்லாமல் போயிருந்தால் நாலாவதையும் தள்ளியிருப்பீர்கள், எனக்கு இந்தக் கடிதமும் வந்திருக்காது. தங்கை இல்லாதவனுக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது? என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

ஏமாற்றினேன் என்றதைத் திரும்ப வாங்க வேண்டாம். ஏமாற்றினேன்தான். அதைச் சுமக்க எனக்குத் தெரியும். அப்பாவிடம் நேற்று நானே சொல்லிவிட்டேன். "கொறைச்சுப் போட்டியா? எவ்வளவு?" என்றார். ஏழு என்றேன். "அந்த ஏழு வருஷம் எனக்கு ஆஸ்பத்திரி, வயலு, வீடுன்னு நீதாம்மா பார்த்த. அதைப் போயி ஏன் அழிச்ச?" என்றார். இந்தச் சண்டை தொடங்கினதிலிருந்து நான் அழுதது அப்போது மட்டும்தான்.

செந்தாமரை கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஆப்பில் அவர் பக்கத்தைத் தேடிப் போய், நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். 'அடக்கமானவர், வீட்டு வேலைகள் நன்கு தெரிந்தவர்.' இவ்வளவு கூர்மையாகப் பேசுகிற பெண்ணைப் பற்றி உங்களுக்கு எழுதக் கிடைத்தது இதுதானா? அதை அழித்துவிட்டு அவரையே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வர வேண்டாம். தனியாகவும் வேண்டாம், அம்மாவோடும் வேண்டாம். போனும் இப்போதைக்குத் திறக்க மாட்டேன். மனசு இரங்கி வருகிறீர்களா, வேண்டும் என்று வருகிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஏற்கனவே பழகிவிட்டதால் என்னை ஏற்றுக்கொள்வது ஒன்று. தெரிந்தே தேடி வருவது வேறு. பரிதாபத்துக்கு வருகிறவனும் இன்சுலினுக்கு வருகிறவனும் எனக்கு ஒன்றுதான்.

ஆப்பில் மறுபடியும் என் பக்கத்தைப் போட்டுவிட்டேன். அதே போட்டோ, அதே நாலு வரி. வயது நாற்பத்துமூன்று. நீங்கள் வேண்டுமென்றுதான் வருகிறீர்கள் என்றால், 43 என்று போட்டுத் தேடுங்கள். அங்கேதான் இருக்கிறேன்.

ஜெயபாரதி